இன்மைக்கும் ஓர் இலக்கணம்

முதலாம் வேற்றுமைக்கு உருபு இல்லை. ‘பால் குடித்தான்’ என்னும் தொடரிலும் உருபு இல்லை. இவ்விரண்டு ‘இல்லை’களும் ஒன்றோ வேறோ என்று வினாவினால், இலக்கணம் கற்கும் மாணாக்கன் சிறிது தயங்கியே விடை கூறுவான். எழுவாய் வேற்றுமைக்கு உருபு வேண்டுவதே இல்லை. தேடினாலும் அங்கே கிடைப்பதொன்றில்லை. ‘பால் குடித்தான்’ என்பதிலோ ‘ஐ’ உருபு உண்டு. அது தொக்கு நிற்கிறது. பொருள் கொள்ளுங்கால் ‘பாலைக் குடித்தான்’ என விரித்தே கொள்கிறோம். ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையிலே காலங் காட்டும் இடைநிலை இல்லை. ஊறிய காயோ, ஊறுகின்ற காயோ, ஊறும் காயோ, மூன்றுக்கும் இடமுண்டு. ஆகவே, வேண்டாமையால் இல்லாதது ஒன்று. இருந்தும் வெளிப்படாதது ஒன்று. இன்னதென்று துணிய இயலாதது ஒன்று. நம் முன்னோர் இவற்றை வேறு வேறாக வகுத்து வைத்தமையாலேயே நாம் பொருள் மயங்காது படிக்கிறோம்.

இத்தகைய பாகுபாடு கணினிக்கும் இன்றியமையாதது என்பதை, யூபிலியை முன்னிட்டு நம் சங்கத்தார் மேற்கொண்ட பழைய மாணவர் விவரக்கோவைப் பணியிலே கண்டறிந்தேன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இடப்பட்ட பணி, பெயர்களில் எழுத்துப்பிழை பார்த்தல் மாத்திரமே. கல்லூரியின் சேர்விடாப்புகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், வெளிநாட்டுக் கிளைச் சங்கங்கள் அனுப்பிய பட்டியல்கள் என்பவற்றிலிருந்து பெற்ற விவரங்கள் யாவும் ஒரு தரவுத்தளத்திலே சேர்க்கப்பட்டிருந்தன. அதனை அமைத்துத் தந்தவர் என்னிடம் தமிழ் படித்து, இன்று கொழும்பிலே மென்பொருட் பொறியியலாளராகப் பணிபுரியும் அன்பர். “சேர், நீங்கள் தொகைநிலைத் தொடரை எப்படி விளங்கப்படுத்தினீர்களோ, அப்படியே இதையும் பாருங்கள்” என்று அவர் தொடங்குவார். யான் மாணாக்கனாக இருந்து கேட்பேன். அவரிடம் கற்றதிற் சிறிதை நம் மாணவருக்கும் பழைய மாணவருக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறேன்.

தரவுத்தளம் என்பது கோடிட்ட இடாப்பைப் போன்றது. நிரை ஒவ்வொன்றும் ஒரு மாணவருக்கு உரியது. நிரல் ஒவ்வொன்றும் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த ஆண்டு, முகவரி, இறந்த திகதி என ஒவ்வொரு விவரத்துக்கு உரியது. விவரம் எழுதப்படாவிடினும் அதற்குரிய கட்டம் அங்கேயே இருக்கும். வெறுமை கண்ணுக்குப் புலப்படும். எக்ஸ்எம்எல் என்னும் ஆவண முறையின் இயல்பு வேறு. 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் விதந்துரையாக வெளியிடப்பட்ட அம்முறையிலே, ஒவ்வொரு விவரமும் தன் பெயர் எழுதிய ஓர் உறையுள் இடப்படுகிறது. <பெயர்> என்று உறை திறக்கும். </பெயர்> என்று மூடும். அவ்வுறையை உறுப்பு என்பர். ஒரே விவரத்தை அச்சுப் பக்கங்களை அமைக்கும் மென்பொருளுக்கும் கிளைச் சங்கங்களின் கணினிகளுக்கும் மயக்கமின்றி அனுப்புவதற்கு இம்முறை மிக ஏற்றது. உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் அஃது இடந்தருகிறது. ஆனால் அங்கே கோடிட்ட கட்டம் கிடையாது. விவரம் இல்லையெனில் வெற்றுறையை அனுப்புவதா? உறையையே அனுப்பாது விடுவதா? இடாப்பிலிருந்து ஆவணத்துக்கு மாற்றும் வேளையில் யாரேனும் ஒருவர் இவ்வினாவுக்கு விடை கூறியே ஆதல் வேண்டும். மனிதர் கூறாவிடிற் கணினி தன் வழக்கப்படி தானே கூறிவிடும்.

தரவுத்தளங்களுக்கு அடிப்படையான கோட்பாட்டை 1970இல் வெளியிட்டவர் எட்கர் கொட் என்னும் அறிஞர். இல்லாத விவரத்தைக் குறிக்கத் தனிக் குறி ஒன்று வேண்டுமென்றும், அது பூச்சியத்தினின்றும் வெற்றுச் சொல்லினின்றும் வேறானதாக இருத்தல் வேண்டுமென்றும் அவர் 1985இல் வகுத்த விதிகளுள் ஒன்று கூறுகிறது. அக்குறியை ‘நல்’ என வழங்குவர். பூச்சியம் ஓர் எண். கணக்கிலே பூச்சியம் பெற்றவன் பரீட்சைக்குத் தோற்றியவன். பரீட்சைக்கே வாராதவனுக்குப் பூச்சியம் இடுவது நீதியாகாது. இதனை ஆசிரியர் எவரும் அறிவர். கொட் அவர்கள் இவ்வளவில் அமையவில்லை. பொருந்தக்கூடியதாயினும் அறியப்படாதது, பொருந்தாமையால் இல்லாதது என இன்மையை இரண்டாக வகுத்து, இரண்டுக்கும் வெவ்வேறு குறி வேண்டுமென்று 1990இல் வெளியிட்ட நூலிலே வற்புறுத்தினார். எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியோ ஒரே குறியோடு அமைந்துவிட்டது. எனவே தொக்கு நிற்பதும் வேண்டாததும் அங்கே ஒரே உருவில் நிற்கின்றன. வேறுபாடு காணும் பொறுப்பு நம்முடையதாகிறது.

அக்குறிக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. அதனை எதனோடு ஒப்பிட்டாலும் விடை ‘ஆம்’ என்றும் வாராது, ‘அன்று’ என்றும் வாராது. ‘தெரியாது’ என்றே வரும். அறியாத ஒன்றும் அறியாத வேறொன்றும் சமமா என்று கேட்டால் யார்தான் என்ன கூற இயலும்? இதனால் விளைவது யாது? ‘2009ஆம் ஆண்டுக்கு முன் இறந்தோர் யாவர்?’ என வினவினால், இறந்த திகதி எழுதப்படாதவர் அப்பட்டியலில் வாரார். ‘2009ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ இறந்தோர் யாவர்?’ என வினவினாலும் வாரார். இரண்டு வினாக்களையும் கேட்டு, எல்லோரையும் கண்டுவிட்டோம் என்று எண்ணுபவன் ஏமாறுவான். இடையிலே நிற்பவரைக் காண வேண்டுமாயின், ‘இக்கட்டம் வெறுமையாக உள்ளவர் யாவர்?’ என மூன்றாவது வினாவொன்றைத் தனியே கேட்டல் வேண்டும். நிரைகள் எத்தனை, நிரப்பப்பட்ட கட்டங்கள் எத்தனை என எண்ணிக் கழித்துப் பார்த்தலும் நல்வழக்கமாகும்.

நம்மவர் பெயர் எழுதும் முறையிலே இவ்வியல்பு தரும் இடர் தனிப்பட்டது. தந்தையார் பெயரின் முதலெழுத்து, பின்னர் ஒரு புள்ளி, பின்னர் இயற்பெயர் என மூன்றையும் ஒட்டி ஒரே பெயராக்குமாறு வினவல் எழுதப்படுகிறது. எஸ்கியூஎல்லின் பொது விதிப்படி, ஒட்டப்படுவனவற்றுள் ஒன்று ‘நல்’ ஆயின் முழுவதும் ‘நல்’ ஆகிவிடும். முதலெழுத்து இடாப்பிலே விடுபட்டிருந்தால், மாணவரின் இயற்பெயரும் சேர்ந்து மறைந்துபோம். ‘கோலெஸ்’ என்னும் செயற்கூற்றினால், முதலெழுத்து உண்டாயின் அதனைப் புள்ளியோடும், இல்லையாயின் அவ்விடத்தில் வெற்றுச் சொல்லையும் கொள்க எனப் பணித்து இதனைத் தடுக்கலாம். இங்கே வெறுமையை வெற்றுச் சொல்லால் நிரப்புதல் தகும். ஏனெனில் அஃது அச்சிலே பெயர் ஒழுங்காக அமைவதற்கான உபாயமேயன்றி, அம்மாணவருக்கு முதலெழுத்தே இல்லையென்று கூறும் சாட்சியம் அன்று. அன்றியும், பிறநாட்டுப் படிவங்கள் கேட்கும் குடும்பப் பெயர் நம்மவர் பலருக்கு இல்லை. அஃது அறியப்படாதது அன்று, பொருந்தாதது. முதலெழுத்தின் வெறுமையும் குடும்பப் பெயரின் வெறுமையும் பார்வைக்கு ஒன்றாயினும் பொருளால் வேறாதல் காண்க.

இனி, ஆவணமாக மாற்றும் வழிகளைக் கூறுவேன். அவை மூன்று.

முதலாவது, வெற்றுறை அனுப்புதல். எஸ்கியூஎல் தரத்திலே எக்ஸ்எம்எல் ஆக்குவதற்கென உள்ள செயற்கூறுகளுள் ‘எக்ஸ்எம்எல் எலிமென்ற்’ என்பது, விவரம் ‘நல்’ ஆயினும் <முகவரி/> என்பது போன்ற வெற்றுறுப்பைத் தரும். பெறுபவர் அதனை ‘முகவரி இன்னதென்று தெரியும், அதில் எழுத்தொன்றும் இல்லை’ என்று பொருள் கொள்ள இடமுண்டு. திகதியாக இருந்தால் இடர் இன்னும் மிகுதி. ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் திட்டத்திலே ஓர் உறுப்பு திகதி வகையினது என விதித்திருந்தால், வெற்றுறை விதிக்கு மாறானதென்று முழு ஆவணமும் தள்ளப்படும்.

இரண்டாவது, உறையையே விடுத்தல். ‘எக்ஸ்எம்எல் ஃபொறெஸ்ற்’ என்னும் செயற்கூறு ‘நல்’ ஆன உறுப்புகளைத் தானாகவே விட்டுவிடும். ஆவணம் சுருக்கமாக அமையும். பொருந்தாத விவரங்களுக்கு இதுவே இயல்பான வழி. உயிரோடிருப்பவருக்கு இறந்த திகதி என்னும் உறை எதற்கு? ஆயினும், அனுப்பியவர் அறிந்து விட்டாரோ, மறந்து விட்டாரோ, அந்நிரலையே வினவலிற் சேர்க்கவில்லையோ என்று பெறுபவர் அறிய வழியில்லை.

மூன்றாவது, உறையை அனுப்பி அதன்மேல் ‘உள்ளே விவரம் இல்லை, தெரிந்தே அனுப்புகிறேன்’ என எழுதுதல். 2001ஆம் ஆண்டு மே மாதம் வெளியான எக்ஸ்எம்எல் திட்டவரை விதிகளிலே இதற்கென ஒரு பண்பு உண்டு; அதன் பெயர் ‘நில்’. ஓர் உறுப்பின்மேல் ‘நில்’ உண்மை எனக் குறித்தால், அவ்வுறுப்பு வெறுமையாக இருத்தல் வேண்டும். திகதி வகையினதாயினும் வெறுமை குற்றமாகாது. அவ்வாறு குறிக்க இசைவு உண்டு என்று திட்டத்திலே முன்னரே கூறியிருத்தல் அவசியம். தமிழாசிரியனாகிய எனக்கு இச்சொல் மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் அதன் பொருள் வேறாயினும், தமிழ்ச் செவிக்கு அது ‘மேலே செல்லாதே, இங்கே நின்று பார்’ என்று பணிப்பது போலவே ஒலிக்கிறது. ‘நல்’ என்று தரவுத்தளத்தில் உள்ளதை ‘நில்’ என்று ஆவணத்தில் எழுதுக என விதித்துவிட்டாற் போதும். போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தளத்திலே, முழு அட்டவணையையும் ஆவணமாக்கும் செயற்கூறு ‘நல்’ ஆனவற்றை ‘நில்’ எனக் காட்டுவதா, விட்டுவிடுவதா என நம்மையே கேட்கிறது. அப்படிக் கேட்பது நன்றென்பேன்.

இம்மூன்றையும் அன்றி நான்காவது வழியொன்று உண்டு. அது தீய வழி. வெறுமை கண்டு அஞ்சி, பொய்யான ஒன்றை இட்டு நிரப்புவதே அது. வயதுக்குப் பூச்சியம், முகவரிக்கு ஒரு சிறு கோடு, திகதிக்கு 1900ஆம் ஆண்டு ஜனவரி 1 என நிரப்பிய பட்டியல்களை யான் கண்ணாரக் கண்டேன். வெற்றுச் சொல்லைத் திகதியாக மாற்றப் பணித்தால் அந்த 1900ஆம் ஆண்டுத் திகதியையே தரும் தரவுத்தளமும் உண்டு. 1984இல் நம் கல்லூரியிற் சேர்ந்த ஒருவர் 1900இல் இறந்தார் என அச்சாகுமாயின் வாசகர் நகைப்பர். நகைப்பதற்கு இடமில்லாத பொய்கள் இவற்றினும் கொடியன. அவை உண்மையைப் போலவே தோன்றிக் கோவையில் நிலைபெற்றுவிடும்.

இவையெல்லாம் பொறியியலாளர் கவலை, நமக்கென்ன என்று கூறுவார் உளர். நம் குழுவிலும் அவ்வாறு கூறினர். மறைந்த பழைய மாணவருக்கு அஞ்சலி செலுத்தும் பக்கங்களை அமைக்கத் தொடங்கியபோதே இக்கேள்வியின் கனம் எல்லோருக்கும் புலப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்விலே இடாப்புகள் சில தாள் தாளாகச் சிதைந்தன. அதற்கு முன்னும் பின்னும் தொடர்பற்றுப் போனோர் பலர். அவர்தம் இறந்த திகதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. வெறுமையாயின் உயிரோடிருப்பவர் எனக் கொண்டு வாழ்த்துப் பட்டியலில் இடுக என்றார் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி இல்லையாயின் அஞ்சலிப் பட்டியலில் இடுதலே முறை என்றார் மற்றொருவர். இருவரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் இருவரும் ஒரு வெற்றிடத்துக்குத் தாமே விடை எழுத முற்பட்டனர்.

அவ்வேளையில் ஒரு தாயார் தம் மகனுக்குரிய படிவத்தைக் கையிலே கொண்டு கல்லூரிக்கு வந்தார். மகன் 1984இல் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தவர். 1996இல் வெளியே சென்றவர் வீடு திரும்பவில்லை. பெயரும் பிறந்த திகதியும் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. இறந்த திகதி என்னும் இடம் வெறுமையாக இருந்தது. தற்போதைய முகவரி என்னும் இடத்திலே தம் வீட்டு முகவரியையே எழுதியிருந்தார். யான் அதனை நோக்குவதைக் கண்ட அவ்வம்மையார், “தம்பி, அவன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான். வேறை என்ன முகவரியை எழுதுறது?” என்றார். அந்த வெறுமை மறதியால் விளைந்ததன்று. அவர் ஆய்ந்து வைத்த வெறுமை. அதனை உயிரோடிருப்பவர் கட்டத்தின் வெறுமையோடு ஒன்றாக்கவும், திகதி இட்டு நிரப்பவும் எவருக்கு உரிமை உண்டு?

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்திற் காலந்தாழ்த்தேனும் ஒரு மூன்றாம் நிலையை ஏற்றுக்கொண்டது. இறப்புகளைப் பதிவுசெய்வது பற்றிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டது. ஒருவர் காணப்படாதிருக்கிறார் என்று மாத்திரம் சான்றுரைக்கும் பத்திரத்தைப் பெற அத்திருத்தம் வழிசெய்தது. மரணச் சான்றிதழ் பெறாமலே, உறவினர் அவர்தம் சொத்துக் கருமங்களைக் கவனிக்க அது துணைபுரியும். இறந்தார் என்றோ இருக்கிறார் என்றோ அப்பத்திரம் கூறாது. ‘அறியோம்’ என்பதையே உரிய எழுத்தில் எழுதித் தரும். அறியாமையை அறியாமையாகவே எழுதுவதற்குச் சட்டமன்றத்துக்கும் ஒரு தனிச் சொல் வேண்டியிருந்தது.

குழுவினர் அத்தாயார் கூறியதைக் கேட்டபின் விவாதம் நெடுநேரம் நீடிக்கவில்லை. எங்கள் பொறியியலாளர் அமைப்பை இவ்வாறு திருத்தினார். ‘நில்’ என்று குறித்த உறுப்பினுள்ளே விவரம் இருத்தலாகாது. ஆயினும் அவ்வுறுப்பு வேறு பண்புகளைத் தாங்கலாம். ஆதலின், <இறந்ததிகதி> என்னும் உறுப்பின்மேல் ‘நில்’ என்பதோடு ‘காரணம்’ என்னும் பண்பையும் சேர்த்தார். காணப்படாதிருப்பவர் என உறவினர் கூறியது ஒன்று. தொடர்பு கிடைக்கவில்லை என்பது ஒன்று. இறந்தமை தெரியும், திகதி தெரியாது என்பது ஒன்று. உயிரோடிருப்பவர் என உறுதியானோருக்கு மாத்திரம் அவ்வுறுப்பு விடப்பட்டது. இதற்காகத் தரவுத்தளத்திலும் ‘காரணம்’ என்னும் புதிய நிரல் ஒன்று சேர்ந்தது. ஏனெனில் இடாப்பில் இல்லாத வேறுபாட்டை ஆவணத்திலே புதிதாகப் படைக்க இயலாது. இன்னொரு விதியையும் அவர் கைக்கொண்டார். ‘நில்’ என்னும் குறி உறுப்புக்கே உரியது. ஒரு விவரத்தை உறுப்பாக அன்றிப் பண்பாக அமைத்தால், அது இல்லாதபோது விட்டுவிடுவதன்றி வேறு வழியில்லை. எனவே, இல்லாமற் போகக்கூடிய விவரங்களை எல்லாம் உறுப்பாகவே அமைத்தார். கிளைச் சங்கங்களுக்கும் இக்குறிகளின் பொருளை ஒரு தாளில் எழுதி அனுப்பினோம். பெறுபவர் அறியாத குறி குறியாகாதன்றோ?

விவரக்கோவையின் அச்சுப்படியிலே இன்று மூன்று பகுதிகள் உள்ளன. வாழ்வோர் பெயர்கள் ஒரு பகுதி. மறைந்தோர் பெயர்கள் ஒரு பகுதி. செய்தி அறியப்படாதோர் பெயர்கள் ஒரு பகுதி. மூன்றாம் பகுதியிலும் பெயர், சேர்ந்த ஆண்டு, பெற்ற பரிசுகள் ஆகியன மற்றையோருக்குள்ளவாறே அச்சாகின்றன. திகதியின் இடத்திலே கோடும் இல்லை, பூச்சியமும் இல்லை; ‘அறியப்படவில்லை’ என்னும் ஒரு சொல்லே உண்டு. அப்பகுதியை ஒப்புநோக்கிய இரவுகளில், எழுத்துப்பிழை ஒன்றும் நேராதபடி ஒவ்வொரு பெயரையும் இருமுறை படித்தேன். அவர்களைப் பற்றி நம் கையிலுள்ளது அப்பெயரே. அதனையேனும் பிழையின்றிக் காப்பது நம் கடன்.

கணினி கற்கும் நம் மாணவருக்கு ஒன்று கூறுவேன். வெற்றுக் கட்டம் ஒன்றைக் காணும்போது அதனை எவ்வாறு நிரப்பலாம் என்று முதலிலே எண்ணாதீர்கள். அஃது ஏன் வெறுமையாக உள்ளது என்று கேளுங்கள். பொருந்தாததாயின் விடுங்கள், அறியப்படாததாயின் அறியப்படவில்லை என்று எழுதுங்கள், எழுத மறந்ததாயின் உரியவரிடம் சென்று கேட்டு எழுதுங்கள். கருவியின் வழக்கம் எதுவென்று அறிந்த பின்னரே அதனிடம் வேலையை ஒப்படையுங்கள்.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலரோடு வெளிவரும் விவரக்கோவையின் மூன்றாம் பகுதியைத் தயவுசெய்து ஆறுதலாகப் படியுங்கள். உங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர், ஒரே அணியில் விளையாடியவர் பெயர் அங்கே இருத்தல் கூடும். அவரைப் பற்றி நிச்சயமாக அறிந்தது எதுவாயினும், ஒரு வரியாயினும், சங்கத்துக்கு எழுதுங்கள். அறிந்ததை மாத்திரம் எழுதுங்கள். ஊகத்தை எழுத வேண்டாம். அத்தகைய கடிதம் ஒவ்வொன்று வரும்போதும் அக்கட்டத்திலுள்ள குறி நீங்கி, உரிய விவரம் அவ்விடத்தில் அமையும். அதுவரை அவ்விடம் அவர்களுக்கென்றே திறந்திருக்கும்.